தலையோடு இருபத்தொரு கிலோ

மீன் வெட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியும் டாக்சி ஓட்டுபவருமான மாமா, மூன்றாம் மாடியில் குடியிருக்கும் மட்டக்களப்பு அண்ணை, நான். வராதவர்கள் பதினான்காம் மாடிச் சென்னைத் தம்பியும் அவர் மனைவியும். அவர்கள் பங்குக்கான காசை முதல்நாளே அனுப்பிவிட்டு, அப்பாவின் போனில் ஒரு குரல்செய்தியும் விட்டிருந்தார்கள். "அங்கிள், நாங்க சாயங்காலம் வந்து வாங்கிக்கிறோம். எங்களுக்குத் தல வேணாம். முள்ளு இல்லாம இருந்தா ரொம்ப நல்லாருக்கும்."

அப்பா அதை இரண்டு தரம் போட்டுக் கேட்டார். "தலையும் வேண்டாம், முள்ளும் வேண்டாமெண்டா பேந்து ஏன் மீன்? பேக்கரியில பாணை வாங்கித் தின்னலாமே" என்றார்.

கனடாவில், டோர்செட் பார்க் பகுதியில் இருக்கும் எங்கள் கட்டடத்தில் பங்கு இறைச்சி வழக்கமாக நடப்பதுதான். நாலைந்து குடும்பம் சேர்ந்து நகரத்துக்கு வெளியே பண்ணையில் ஓர் ஆட்டை வாங்கி, வெட்டி, ஈரலில் இருந்து எலும்பு வரை எல்லாப் பங்கிலும் எல்லாமும் விழும்படி பிரித்து எடுப்பார்கள். பங்கு மீன் என்று ஒன்று அதற்கு முன் நடந்ததில்லை. நடந்ததற்குக் காரணம் நான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனவன் நான் ஒருவன்தான். அப்பா ஆறாம் வகுப்பு, அம்மா அதற்கும் குறைவு. நான் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்து, கடலுணவு வாங்கி விற்பவர்களுக்குச் சந்தை அறிக்கை எழுதும் ஒரு சிறிய நிறுவனத்தில் ஆறு மாத ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தேன். ஐந்தாவது மாதம் முடியும் தறுவாயில் இருந்தது. இரண்டு மாதமாக எனக்குத் தரப்பட்டிருந்த வேலை ஹலிபட் என்ற பெரிய தட்டை மீன். வளர்ப்பது அல்ல, கடலில் பிடிப்பது. எந்த நாட்டில் பிடிபடுவது கூடுகிறது, எதில் குறைகிறது, இனி எங்கே வாங்கினால் நல்லது என்று இந்த ஊர் மொத்த வியாபாரி ஒருவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அவர்களோடு கூட்டம். அது ஒழுங்காக முடிந்தால் என் வேலையை நீட்டுவதைப் பற்றிப் பேசலாம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் அடுத்த மாதக் கடைசியோடு சரி. சம்பளத்தோடு விடுமுறை என்பதை எங்கள் வீட்டில் அதுவரை எவரும் எடுத்ததில்லை. அம்மா அதை ஒரு நாட்டின் பெயரைப் போலச் சொல்லிப் பார்ப்பார்.

அறிக்கையை வெள்ளிக்கிழமை முடித்து அனுப்பினேன். அந்த வாரத் தொடக்கத்தில்தான் அப்பா என்னைக் கேட்டிருந்தார்.

"உந்த மீனை நீ திண்டிருக்கிறியோ?"

"இல்லையப்பா."

"ரெண்டு மாசமா ஒரு மீனைப் பற்றி எழுதுறாய். அது ருசியோ, சப்போ எண்டும் தெரியாது. உன்னை நம்பி ஆரோ காசும் தாறான்."

அடுத்தநாளே வெக்ஸ்போர்ட் பிளாசா கடைத்தொகுதியில் எங்கள் ஆட்கள் நடத்தும் மீன்கடைக்குப் போனோம். அங்கே ஹலிபட் துண்டுகளாகத்தான் கிடந்தது. கடைக்காரர் அப்பாவுக்குப் பழக்கமானவர். "தலையோட ஆரும் எடுக்கிறேல்லை அண்ணை. சொல்லிவிட்டாத்தான் கிழக்குக் கரையில இருந்து வரும். ஆனா முழுசா எடுக்கவேணும்" என்றார்.

"தலை இல்லாட்டி அது எத்தினை நாள் மீனெண்டு எப்பிடித் தெரியும்? கண்ணைப் பாக்க வேண்டாமோ?" என்றார் அப்பா. அந்தக் கேள்விதான் நாலு பங்கு மீனாக முடிந்தது.

ஞாயிறு காலை மாமாவின் டாக்சியில் மீன் வந்து இறங்கியது. கடைத் தராசில் இருபத்தொரு கிலோ. மண் நிறத்தில் ஒரு பக்கம், பால் வெள்ளையில் மறுபக்கம், சாப்பாட்டு மேசையை முழுவதுமாக மூடிக்கொண்டு வால் நுனி வெளியே தொங்கியது. அம்மா குனிந்து பார்த்தார். "கண் ரெண்டும் ஒரு பக்கத்தில. மற்றப் பக்கத்தால ஆர் வந்தாலும் இதுக்குத் தெரியாது போல." அப்பா அந்தக் கண்களை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல மீன்" என்று தீர்ப்புச் சொன்னார்.

மட்டக்களப்பு அண்ணைதான் வெட்டினார். ஒரு குளிர்சாதனக் களஞ்சியத்தில் வேலை செய்பவர், கத்தி பிடிக்கத் தெரிந்தவர். மாமா ஒன்றும் செய்யாமல் பக்கத்தில் நின்று ஆலோசனை சொன்னார்.

"மருமோன், நான் ஒண்டு கேக்கிறன். உந்த மீன் உலகத்தில முடியுதோ, முடியேல்லையோ?"

"நாட்டுக்கு நாடு வேற மாமா. கனடாவில இந்தக் கிழக்குப் பக்கம் ஒரு காலத்தில முடியிற நிலைமைதான். பிறகு கட்டுப்படுத்தி, வருசம் வருசம் அளந்து, இவ்வளவுதான் பிடிக்கலாமெண்டு வச்சு, இப்ப நல்லாக் கூடியிருக்கு. நோர்வேயிலயும் பரவாயில்லை. அங்க பெரிய தாய் மீன் பிடிபட்டா திரும்பக் கடலில விடவேணும்."

"விடுவாங்களோ?"

"விடவேணும். ஐஸ்லாந்தில இதைத் தேடிப் போய்ப் பிடிக்கவே ஏலாது. வேற மீனுக்குப் போட்டதில உயிரோட வந்தாலும் விடவேணும்."

"அப்ப எங்க முடியுது?"

"மேற்குப் பக்கம். பசிபிக். அமெரிக்காவும் கனடாவும் சேந்து பங்கு பிரிச்சுப் பிடிக்கிற இடம். அங்க இருபது வருசமா இறங்குது. அதே வயசு மீன் முந்தின மாதிரிப் பெருக்கிறேல்லை. கடைசி மூண்டு வருசத்தில அப்பிடியே விழுந்திட்டுது."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. ஏனென்றால் அறிக்கையில் எல்லாருக்கும் பிடித்த வரைபடம் அதுதான். பசிபிக் கோடு மெல்ல மெல்ல இறங்கி வந்து, கடைசியில் மலை விளிம்பிலிருந்து கால் தவறியதைப் போல விழும். மேலாளர் அதைப் பார்த்ததும், இதுதான் விஷயம் என்று சொல்லி அட்டைப்படமாக வைத்துவிட்டார். கடலில் பிடிக்கும் ஹலிபட்டை இரண்டு வருடத்தில் கைவிட்டு வளர்ப்பு மீனுக்கு மாறுங்கள் என்பது அறிக்கையின் முடிவு. கிழக்குக் கரையும் இப்படி ஒருநாள் விழலாம் என்ற பயத்தில் எழுதிய முடிவு.

பங்கு பிரித்தோம். ஊருக்குப் போகும்போது சூட்கேஸ் நிறுக்கிற கொக்கித் தராசில் பைகளைத் தொங்கவிட்டு அண்ணை எடை சொல்ல, அம்மா துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுச் சமப்படுத்தினார். ஒரு பங்கு நாலு கிலோ முந்நூற்றைம்பது கிராம் வந்தது. நாலும் அப்படியே.

மாமா மனக்கணக்கில் கெட்டிக்காரர். டாக்சிக்காரர் அல்லவா. "நிப்பாட்டுங்கோ" என்றார். "நாலு நாலு பதினாறு. மிச்சத்தையும் சேத்தா பதினேழரைகூட வரேல்லை. காசு குடுத்தது இருபத்தொண்டுக்கு. மூண்டரைக் கிலோ எங்கை?"

"தலை அங்க கிடக்கு, செட்டை வால் வாளிக்குள்ள கிடக்கு" என்றார் அண்ணை.

"தலை மூண்டரைக் கிலோவோ? மச்சான், அவன் கடைக்காரன் தராசில கை வச்சிட்டான்."

"அவன் அப்பிடிச் செய்யமாட்டான்" என்றார் அப்பா.

"உங்களுக்கு ஆர்தான் செய்வான்! உங்களுக்கு ஊரெல்லாம் நல்லவன்."

அம்மா சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. குளியலறையில் இருந்த ஆள் நிறுக்கும் தராசைக் கொண்டுவந்து வைத்து, தலையைத் தூக்கிக்கொண்டு அதன்மேல் ஏறினார். பிறகு தலை இல்லாமல் ஏறினார். இரண்டு தரமும் ஒரே எடை காட்டியது. "உங்கட தொப்பைக்கு முன்னால தலையை அது கணக்கில எடுக்குதில்ல" என்றார் அண்ணை. அப்போதுதான் எல்லாரும் சத்தமாகச் சிரித்தார்கள்.

சண்டையைத் தீர்க்க நான் தலையைக் கொக்கித் தராசில் மாட்டினேன். இரண்டு கிலோ எழுநூறு. வாளியில் கிடந்த செட்டையும் வாலும் தொள்ளாயிரம் கிராம். ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் கூட்டிக் காட்டினேன். பதினேழு நானூறு, இரண்டு எழுநூறு, தொள்ளாயிரம். சரியாக இருபத்தொன்று. மாமா உறையை வாங்கித் தானும் ஒரு தரம் கூட்டிப் பார்த்தார்.

"குடல் எங்கை?" என்று கேட்டார். விட்டுக்கொடுக்க மனமில்லை.

"அதைக் கடலிலயே எடுத்திருவாங்க" என்றார் அண்ணை. "உசிரோட நிறுத்தா இன்னும் கூட இருந்திருக்கும். மறுகா, இது ஒரே மீன்தான், எந்த இடத்தில வச்சு நிறுக்கிறம் எண்டதுதான் வித்தியாசம்."

அவர் அதை மாமாவுக்காகச் சொன்னார். சொல்லிவிட்டு முதுகெலும்பைத் துண்டாக்கப் போய்விட்டார். எனக்கு என் அறிக்கையின் அட்டைப்படம் நினைவுக்கு வந்தது.

உலக நாடுகள் எல்லாவற்றையும் சேர்த்துத் தரும் அட்டவணை எப்போதும் இரண்டு மூன்று வருடம் பிந்தித்தான் வரும். எனக்கோ கடைசி வருடம் வரை வேண்டியிருந்தது. ஆகவே பசிபிக் பக்கத்துக் கடைசி மூன்று வருடங்களை மட்டும் அந்தப் பக்கத்தார் தாங்களே வெளியிடும் அட்டவணையிலிருந்து எடுத்து, பழைய கோட்டின் நுனியில் ஒட்டியிருந்தேன். அது இறாத்தலில் இருந்தது. கவனமாகக் கிலோவாக மாற்றினேன். மாற்றியதை இரண்டு தரம் சரிபார்த்தேன். ஆனால் மீனை எந்த நிலையில் வைத்து நிறுத்த எடை என்று பார்க்கவில்லை.

கையைக் கழுவிவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். உலக அட்டவணையில் உயிரோடிருக்கும் முழு மீனின் எடை என்று எழுதியிருந்தது. மற்றதில், அடிக்குறிப்பில், சின்ன எழுத்தில், தலையும் குடலும் நீக்கிய எடை. எத்தனையோ நாள் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன். அடிக்குறிப்புக்கு மேலேயே நின்றுவிட்டேன்.

தலையும் குடலும் சேர்த்துக் கணக்கை மாற்றிப் போட்டதும் மலை விளிம்பு காணாமல் போனது. பசிபிக் கோடு இறங்கத்தான் செய்தது, ஆனால் முன்பிருந்த அதே மெல்லிய சரிவில். விழவில்லை. கிழக்குக் கரைக் கோடு தன்பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. கைவிடுங்கள் என்று எழுதியதற்கு எந்தக் காரணமும் மிஞ்சவில்லை. அளந்து பிடிக்கிற இடங்களில் மீன் திரும்பி வருகிறது, அங்கே வாங்குங்கள் என்றுதான் எண்கள் சொல்லின. என் பிழையைத் திருத்தியதும் உலகம் நான் எழுதியதைவிட நல்லதாக இருந்தது. அதைப் பார்த்துச் சந்தோசப்பட முடியாத நிலையில் நான் இருந்தேன்.

முகத்தைப் பார்த்து அம்மா கேட்டார். சொன்னேன். எல்லாருமே மேசையைச் சுற்றி நின்று கேட்டார்கள்.

"உது ஆருக்குத் தெரியும்?" என்றார் மாமா. "கோடு விழுந்தா என்ன, சரிஞ்சா என்ன? நாளைக்குக் கூட்டத்தை முடி. வேலை கிடைச்சாப் பிறகு மெல்லமாத் திருத்து."

"அவங்கள் நாளைக்கு அதை வச்சுத்தான் முடிவெடுப்பாங்கள் மாமா. இந்த மீனை அனுப்பின படகுக்காரரிட்ட வாங்குறதை நிப்பாட்டுவாங்கள்."

"சொன்னா வேலை போகுமோ?" என்று அம்மா கேட்டார்.

"போகலாம்."

"சொல்லாட்டி?"

"போகாது. ஆனா..."

"ஆனா எண்டு வாயில வந்திட்டுதெல்லே, பேந்தென்ன? எடு போனை."

அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

மேலாளரை ஞாயிற்றுக்கிழமையில் அழைத்தது அதுதான் முதல் தரம். அவர் வேகமாகப் பேசி வேகமாக முடிப்பவர். நான் சொல்வதை முழுவதும் கேட்டார். பிறகு, அந்தப் படத்தை வெள்ளிக்கிழமையே மற்ற வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன் என்றார். இருபத்தைந்து பிரதி அச்சடித்துக் கட்டியும் ஆகிவிட்டது, அச்சகம் இன்றைக்குப் பூட்டு என்றார். காலை ஒன்பது மணிக்குத் திருத்திய பிரதிகள் மேசையில் இருந்தால் அவற்றைக் கொடுப்போம், இல்லாவிட்டால் கூட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டிவரும், தள்ளிவைத்தால் அவர்கள் வேறிடம் போவார்கள் என்றார். வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமையில ஆர் அடிச்சுத் தருவான்?" என்றேன்.

"செத்த வீட்டுக்கு அடிக்கிறவன் அடிப்பான்" என்றார் அப்பா.

இந்த ஊரில் எங்கள் ஆட்களுடைய அச்சகங்களுக்கு ஞாயிறு கிடையாது. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எல்லாரும் முப்பதாம் நாள்தான் போய் நிற்பார்கள். மூன்று மணிநேரம் உட்கார்ந்து அறிக்கையைத் திருத்தினேன். முடிவை முழுவதுமாகத் திரும்ப எழுதினேன். மாமா தன் பங்கு மீனையும் காரிலேயே வைத்துக்கொண்டு, என்னையும் அப்பாவையும் மில்லிக்கன் பக்கத்தில் ஒரு பிளாசாவுக்கு ஏற்றிப் போனார்.

அச்சகக்காரர் எங்களைக் கண்டதும் துக்கம் விசாரிப்பவரைப் போலக் குரலைத் தாழ்த்தினார். "ஆரண்ணை மோசம் போனது?"

"ஒருத்தரும் இல்லை. மீன்" என்றார் அப்பா.

"மீனோ?"

நான் விளக்கினேன். அவர் பக்கங்களைத் திரையில் புரட்டினார். "எங்களுக்கு அவசரம் புதுசில்லைத் தம்பி. ஆனா அட்டைக்கு என்னட்டை இப்ப தங்கக்கரை போட்ட மட்டைதான் கிடக்கு. பரவாயில்லையோ?" பரவாயில்லை என்றேன். "மேல விளக்குப் படம் வேண்டாமெல்லே?" வேண்டாம் என்றேன். கொஞ்சம் பொறுத்து, "உந்த இறங்கிற கோட்டை ஏன் சிவப்பில விட்டிருக்கிறியள்? சிவப்பு மை முடியிற கட்டம். நீலமாக்கட்டோ?" என்றார். நீலமாக்கினோம். பார்க்க அதுவே நன்றாக இருந்தது. இவ்வளவு பயமுறுத்தத் தேவையில்லாத கோடுதானே.

மெசினில் இருந்து முதல் பிரதி வந்ததும் அப்பா அதை எடுத்தார். அவருக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். உள்ளே என் பெயர் இருந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, விரலை அங்கே வைத்துக்கொண்டு, "உதில பிழை ஒண்டும் இல்லையே?" என்றார். இல்லை என்றேன். "அடிக்குறிப்பு?" என்றார். அந்தச் சொல்லை அன்றைக்குக் காலைதான் என் வாயிலிருந்து கேட்டிருந்தார். முதல் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில், எல்லா எடையும் தலையும் குடலும் சேர்ந்த முழு மீனின் எடை என்று போட்டிருந்ததைக் காட்டினேன்.

பொழுது படுவதற்குள் பெட்டியோடு வீட்டுக்கு வந்தோம். சென்னைத் தம்பி வந்து தன் பங்கை வாங்கிப் போயிருந்தார். அம்மா முள்ளெல்லாம் எடுத்து வைத்திருந்தாராம். ஹலிபட் குழம்பை அன்றைக்குத்தான் முதல் முதல் சாப்பிட்டேன். வெள்ளை வெள்ளையாகப் பெரிய இதழ்களாகக் கழன்று வந்தது. புளியைத் தாங்காத மீன், பொரித்திருக்க வேண்டும் என்று அம்மா சொன்னார். தலையை அப்பா தனியாக வைத்துச் சாப்பிட்டார்.

கூட்டம் ஒரு மணிநேரத்தில் முடிந்தது. வந்திருந்த இரண்டு பேரும் எடையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நோர்வேயில் இருந்து விமானத்தில் வர எத்தனை நாள் என்று கேட்டார்கள், கிழக்குக் கரை ஒதுக்கீடு அடுத்த வருடமும் கூடுமா என்று கேட்டார்கள். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இளம் மீன்கள் நிறைய இருக்கின்றன என்று சொன்னேன். ஒருவர் பேசிக்கொண்டே அட்டையின் தங்கக்கரையைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார், நல்ல அட்டை என்றார். கிழக்குக் கரையில் வாங்குவதைத் தொடர்வது என்று முடிவெடுத்துப் போனார்கள்.

அவர்கள் போனபின் மேலாளர் கதவைச் சாத்தினார். அந்தப் பழைய படம் பிழை என்று எத்தனை பேருக்குத் தான் எழுத வேண்டியிருக்கிறது என்று சொன்னார். புதன்கிழமை வரைக்கும் உன்மேல் கோபமாக இருப்பேன் என்றும் சொன்னார். அப்படியே இருந்தார். வியாழக்கிழமை என் மேசையில் ஒரு கடிதம் கிடந்தது. நிரந்தரம் இல்லை. இன்னும் ஒரு வருடம். இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை. கீழே அவர் கையால் ஒரு வரி, அச்சுக்கூலிச் சிட்டையைக் கொண்டுவந்து தா, நிறுவனம் கொடுக்கும் என்று.

அம்மா கடிதத்தை வாங்கி, விடுமுறை என்று எழுதியிருக்கும் இடம் எது என்று கேட்டு, அங்கே பார்த்தார். நான் அப்பாவிடம் சிட்டையைக் கேட்டேன். அச்சகத்தில் அவர்தான் காசை எண்ணிக் கொடுத்திருந்தார்.

"எதுக்கு?"

"நிறுவனம் குடுக்குமாம்."

"பிழை விட்டது ஆர்?"

"நான்."

"நாங்கள்" என்றார். "எங்கட பிழைக்கு அவை ஏன் கட்டவேணும்?"

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இப்படித்தான் இங்கே நடைமுறை, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றேன். அவர் அசையவில்லை. சிட்டையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். எவ்வளவு என்றாவது காட்டுங்கள் என்றதும் விரித்துக் காட்டினார். இருபத்தைந்து பிரதி, தங்கக்கரை அட்டையோடு, வரியும் சேர்த்து, இருநூற்று அறுபத்தெட்டு டொலர் நாற்பது சதம். நான் பார்த்து முடிந்ததும் அதைத் திரும்ப நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார்.